மடுவோரத்துப் பூமன்

பூமன் ஆந்தை பறந்தால் சிறகுச் சத்தம் கேட்கும்.

ஆந்தை என்றால் ஓசையில்லாமல் வந்து ஓசையில்லாமல் போகும் பறவை என்றே நாம் பழகியிருக்கிறோம். கோயில் கோபுரத்து இடுக்குகளில் குடியிருக்கும் கூகை அப்படித்தான் போகும். அதன் சிறகின் முன்விளிம்பில் நுண்ணிய முட்கள் வரிசையாக நிற்கின்றன. பின்விளிம்பு இழை இழையாகப் பிரிந்திருக்கிறது. மேற்பரப்பு மெத்தென்றிருக்கும். சிறகின்மேல் ஓடும் காற்று இவற்றில் பட்டுச் சிதறி அடங்கிவிடுகிறது. ஓசையை இப்படி அடக்குவதற்கு, எலிக்குக் காது கூர்மை என்பது ஒரு காரணம். இன்னொன்று, கூகையும் எலியைக் காதால்தான் தேடுகிறது. தன் சிறகோசை தன் காதையே மறைத்துவிடக் கூடாது. ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பிற்காலத்தில் திமிங்கிலங்களின் பாட்டை உலகறியச் செய்தவர், ஒளியே புகாத அறையில் கூகையை விட்டு, சருகோசையை மட்டும் கொண்டு அது எலியைப் பிடிப்பதை 1950களில் தொடங்கிய சோதனைகளில் காட்டினார்.

பூமனின் இரை தண்ணீருக்குள் இருக்கிறது. காற்றில் எழும் ஓசையின் மிகப் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மேலே பறவை வருவது மீனுக்குக் கேட்காது. கீழே மீன் திரும்புவது பறவைக்கும் கேட்காது. அதனால் சத்தத்தை அடக்கும் முட்களும் இழைவிளிம்பும் பூமனின் சிறகில் இல்லை. ஓசையைக் குவித்துக் காதுக்கு அனுப்பும் முகவட்டமும் கூகைக்குப் போலத் தெளிவாக அமையவில்லை. அது கண்ணை நம்பி வாழும் ஆந்தை.

இந்த ஒன்றை நான் நெடுநாள் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீரோடு வாழ்ந்து வாழ்ந்து ஒரு பறவை தன் குலத்தின் பெருஞ்சொத்தான மௌனத்தையே விட்டுவிட்டிருக்கிறது. தண்ணீர் போய்விட்டால் அந்த மௌனத்தை அதனால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

*

வேலூரை அடுத்த பாகாயத்தில் முதலில் கண்ணில் படுவது பாறைதான். தொரப்பாடி தாண்டி வரும்போதே மொட்டைக் குன்றுகள் தொடங்கிவிடும். மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. வெளியே வெயிலுக்கு மறைப்பு குறைவு. சித்திரையில் பகல் முழுதும் சூடேறிய பாறை இரவு பத்து மணிக்கும் அனல் விடும். இந்த ஊரில் இருந்துகொண்டு மீன் தின்னும் ஆந்தையைப் பற்றி யோசிப்பது பொருந்தாத காரியமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் குன்றுகளின் மடிப்புகளில் இறங்கும் மழைதான் ஓட்டேரி ஏரியை நிரப்புகிறது. ஒரு காலத்தில் வேலூருக்குக் குடிநீர் தந்த ஏரி அது. இன்னும் தெற்கே போனால் ஜவ்வாது மலையின் அடிவாரம், அமிர்திக் காடு. அங்கே பாறைகளுக்கு நடுவே ஓடைகள் வற்றும்போதும் அங்கங்கே ஒரு மடுவை விட்டுவைத்துப் போகின்றன.

பூமனுக்குப் பெரிய ஆறு வேண்டாம். முழங்கால் ஆழத் தண்ணீர் போதும். அதை ஒட்டி உட்கார ஒரு பாறை அல்லது சாய்ந்த கிளை. பகலில் மறைந்திருக்க இலை நெருங்கிய முதிய மரம். கூட்டுக்கு ஒரு கவடு அல்லது பாறைப் பொந்து. இவை ஒரே இடத்தில் கூடிவருவதுதான் அரிது.

அமிர்தி போகும் பக்கத்தில் ஓர் ஓடைக்கரை நீர்மருதில் அதைப் பார்த்தேன். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. காக்கைகள் ஒரே கிளையைச் சுற்றிக் கத்தியதால் தலைநிமிர்ந்தேன். அடிமரத்தோடு ஒட்டி நின்றது. செம்பழுப்பு உடல், நெஞ்சில் நீளவாட்டில் கருங்கோடுகள், தொண்டையில் வெள்ளைத் திட்டு, மஞ்சள் கண். தலையின் கொம்புச்சிறகுகள் நிமிர்ந்து நிற்காமல் கலைந்து பக்கவாட்டில் சரிந்திருந்தன. நம் பாறைக்குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தைக்கு அவை நிமிர்ந்திருக்கும், கண் ஆரஞ்சு. இரண்டும் நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. கொம்பனுக்குக் காலை இறகு மூடியிருக்க, பூமன் வெறுங்காலோடு நிற்கும். தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டிய கால் அது. நனைந்த இறகைச் சுமந்துகொண்டு எழும்ப முடியாது.

அந்தப் பாதத்தின் அடியில் சிறு சிறு முட்செதில்கள் இருக்கின்றன. வழுக்கும் மீன் நழுவாமல் இருப்பதற்கு. நகங்கள் வளைந்து, உட்பக்கம் கூரான விளிம்போடு இருக்கும். பகலில் மீன் பிடிக்கும் விராலடிப்பானுக்கும் பாதத்தில் இதே முட்கள் உண்டு. விராலடிப்பானுக்கும் ஆந்தைக்கும் கிட்டத்து உறவு எதுவும் கிடையாது. மீன் ஒன்றாக இருந்ததால் பாதமும் ஒன்றாகிவிட்டது. அரை மீட்டருக்குச் சற்று மேல் உயரமும் ஒன்று முதல் இரண்டரை கிலோவரை எடையும் உள்ள ஒரு பறவையின் உடலை, உள்ளங்கால் தொடங்கி, மடுவில் நீந்தும் கெண்டையும் கெளுத்தியும் செதுக்கியிருக்கின்றன.

*

இருட்டும் முன்பே அது கிளையை விட்டு இறங்கியது. பல ஆந்தைகளைப்போல முழு இரவுக்குக் காத்திருக்காது. மாலையின் கடைசி வெளிச்சம் அதற்கு வேலை நேரம். மடுவை ஒட்டிய பாறைமேல் உட்கார்ந்து தலையைத் தாழ்த்திக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் தலை ஒருமுறைகூடப் பின்னால் திரும்பவில்லை.

தண்ணீருக்குள் இருப்பதைக் கரையிலிருந்து பார்த்தால் அது இருக்கும் ஆழத்தைவிட மேலே இருப்பதாகத் தெரியும். ஒளி வளைவதால் வரும் பொய் இது. பூமன் அந்தப் பொய்யைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பாய வேண்டும். பெரும்பாலும் மேல்மட்டத்துக்கு வரும் மீனையே அது தாழப் பறந்து காலால் அள்ளிக்கொண்டு போகிறது. விராலடிப்பானைப்போல முழுகி எழுவதில்லை. சில நேரம் ஓரத் தண்ணீரில் இறங்கி நடந்து நண்டும் தவளையும் தேடும். நண்டு அதற்கு மிகப் பிடித்தமானது. அது அடையும் மரத்தடியில் தேடினால் உடைந்த நண்டோடுகள் கிடைக்கும். மற்ற ஆந்தைகள் கக்கும் உருண்டைகளில் எலிமுடி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். பூமனின் உருண்டையில் அது குறைவு, அதனால் விழுந்ததும் உதிர்ந்துவிடுகிறது. மீன் கிடைக்காத நாளில் எலியும் சிறு பறவையும் பல்லி இனங்களும் தின்னும். அழுகிய முதலைப் பிணத்தைத் தின்றதாகவும் பதிவு உண்டு. ஆனால் தரையில் எலி பிடிப்பதில் அது கூகைக்கு ஈடாகாது. சத்தமிடும் சிறகோடு எலிக்குப் பின்னால் போவது பட்டினிக் காலத்து ஏற்பாடு.

உற்றுப் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஓர் உயிரின் அருகில் உட்கார்ந்திருப்பது நம்மையும் மாற்றிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் நானும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பரப்பில் ஓடும் பூச்சி, உள்ளே புரளும் அயிரைக் கூட்டம், அடிமணல், அதில் பதிந்த இலை, எல்லாம் தெரிந்தன. தெளிந்த தண்ணீர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் சரியாகக் கவனித்தேன். கலங்கிய நீரில் மீன் இருந்தும் பயனில்லை. கண்ணால் வேட்டையாடுகிற பறவைக்கு அது மூடிய கதவு.

*

ஆணும் பெண்ணும் ஒரே எல்லைக்குள் வாழும். குரல் ஆழமானது: ஹூப், ஹூப், ஹூ என்று அடிவயிற்றிலிருந்து வருவதுபோல. பாறைச் சரிவுகளில் பட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போகும். ஒன்று கூப்பிட மற்றது பதில் சொல்லும்.

ஓடைக்கரையில் ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவரிடம் இந்தக் குரலைக் கேட்டால் பயமாக இருக்காதா என்று கேட்டேன். “எதுக்குக் கண்ணு பயம்? மடுவுல தண்ணி இருக்கிற வரைக்கும் கத்தும். தண்ணி வத்திச்சுன்னா அதும் போயிடும். அப்பால மழை வந்துதான் வரும்” என்றார். ஆந்தை கத்தினால் வீட்டில் சாவு என்று ஊருக்குள் சொல்லக் கேட்டே நான் வளர்ந்தவன். அவர் அதே குரலில் தண்ணீர்க் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நற்றிணையின் 83ஆம் பாட்டிலும் ஒரு கூகை வருகிறது. தலைவியின் தோழி அதனிடம் பேசுகிறாள். ஊர் வாயிலில், குடிநீர் எடுக்கும் துறையருகே, தெய்வம் உறையும் முதிய மரத்தில் அது வாழ்கிறது. காதலன் வரும் இரவில் கத்தாமல் இரு, உனக்கு நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறேன் என்கிறாள். எலியைச் சொல்வதால் அது பூமனாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தப் பாட்டில் பெரிதாகப் படுவது இடம்தான். நீர்த்துறை, அதன் மேல் வெட்டப்படாமல் விட்ட பழைய மரம், அதில் ஊரோடு பழகிய ஆந்தை. அதன் குரல் அச்சம் தருகிறது என்று அவளும் சொல்கிறாள். ஆனாலும் துரத்தப் பார்க்கவில்லை, சோறு போட்டுச் சமாதானம் பேசுகிறாள்.

அச்சம் வேறு வடிவமும் எடுக்கும். இந்தியாவில் ஆந்தை வணிகம் பற்றி அப்ரார் அகமது ஆய்ந்து எழுதிய அறிக்கையை டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010இல் வெளியிட்டது. நாட்டில் உள்ள 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் கள்ளச்சந்தையில் விற்கப்படுவதை அது காட்டியது. மாந்திரீகத்துக்குப் பலியிடத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். தீபாவளி நெருங்கும்போது கேட்பு கூடுகிறது. தலையில் கொம்புச்சிறகு உள்ள பெரிய ஆந்தைகளுக்கு மதிப்பு அதிகம், பூமனும் அதில் அடக்கம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்திருக்கிறது. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முட்டையிடும் பறவைக்கு இந்த இழப்பைத் தாங்கும் வலு கிடையாது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கத் தோன்றவில்லை.

*

அறிவியலில் பூமனுக்குப் பெயரிட்டவர் ஜெர்மானியர் கிமெலின், 1788இல். இலங்கையிலிருந்து கிடைத்த பறவையை வைத்து எழுதியதால் இனப்பெயரில் இலங்கை இருக்கிறது. நம் பக்கத்துப் பூமன் அதன் உள்ளினம். அதற்கு 1820இல் பெயர் வைத்த டெமிங்க், லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சூட்டினார். லெஷனோ 1816இல் புதுச்சேரிக்கு வந்து அங்கே தாவரவியல் தோட்டத்தைக் கவனித்தவர். 

*

கார்த்திகை கடந்தால் பூமனுக்குக் கூட்டுக் காலம். பங்குனிவரை நீளும். தானே கூடு கட்டுவது அரிது. பருந்தோ கழுகோ விட்டுப்போன குச்சிக்கூடு, மரக்கவடு, பாறை விளிம்பு, எது கிடைக்கிறதோ அது. முட்டை வெள்ளை. ஐந்து வாரத்துக்கு மேல் அடைகாக்கிறது. குஞ்சு பறக்க ஏழு வாரம் ஆகும்.

மழை முடிந்து, வெயில் ஏறி, ஓடைகள் ஒடுங்கும் மாதங்களில் குஞ்சு பொரிப்பது முதலில் எனக்குப் புரியவில்லை. நீர் நிறைந்திருக்கும்போது அல்லவா பிள்ளை பெற வேண்டும்? மடுக்களைப் பார்த்தபின் புரிந்தது. வெள்ளம் ஓடும்போது நீர் கலங்கலாக இருக்கும், மீன் பரந்து போயிருக்கும். தை மாதத்தில் நீர் தெளிந்து, குறைந்து, மீன்கள் ஒரு மடுவுக்குள் நெருங்குகின்றன. குஞ்சின் பசி உச்சத்தில் இருக்கும்போது மடு ஆழம் குறைந்து கைக்கெட்டும் தொலைவில் மீனை வைத்துக்கொடுக்கிறது. ஆனால் இதில் ஒரு நூலிழைதான் இடைவெளி. மாசியில் வரவேண்டிய வறட்சி மார்கழியிலேயே வந்துவிட்டால் கூட்டில் குஞ்சு இருக்கும், மடுவில் சேறு இருக்கும். மலையடிவாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் கூடக்கூட ஓடை முன்னதாக நிற்கிறது.

*

பாலாற்றைப் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்பு முடியாது.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, வயலூருக்கு அருகே கடல் சேர்கிறது. இதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள். மேலே மணலாகக் கிடக்கும் ஆறு. தண்ணீர் அடியில் ஓடும். மணலில் கால்வாய் வெட்டி அந்த ஊற்றைக் கழனிக்குக் கொண்டுபோனவர்கள் இந்தப் பக்கத்து விவசாயிகள். ஊற்று இருந்த ஆற்றில் மடுவும் இருந்திருக்கும், கரையில் மருதும் நாவலும் இருந்திருக்கும். பூமனுக்கு வேண்டிய எல்லாமே.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை: கரையோரமெங்கும் தோல் பதனிடும் ஷாப்புகள். முன்பு ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டார்கள். 1970களில் அரைப்பதத் தோலாக அனுப்பாமல் முடித்த தோலாக ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசு கொள்கை திரும்பியதும் குரோம் பதனிடல் பரவியது. அந்த வேலையில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் சாப்பிட்டன, இன்றும் சாப்பிடுகின்றன. ஆம்பூர்ச் செருப்பு உலகத்தின் கால்களில் இருக்கிறது. அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆற்றுக்கு வந்த நோய்க்கு அந்தத் தொழிலாளி காரணமில்லை. அவர் குடித்ததும் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

தோல் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோல் முடித்தெடுக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதும், பெருமளவு நச்சுக் கழிவு வெளியேறுவதும், தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கின்றன. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்ட இடங்களில் அது ஒன்று. சட்டம் படிக்கும் பிள்ளைகள் வேலூரின் பெயரை அப்படித்தான் முதலில் அறிகிறார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும், கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்று.

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் உப்பைப் பற்றி அதிகம் நினைக்கிறேன். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டுத்தான் வருகிறது. ஷாப்பில் முதலில் செய்வது அந்த உப்பைக் கழுவுவது. கரைந்துபோன உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. தவளையின் தோல் நீரை நேரடியாக உறிஞ்சும். உப்பேறிய குட்டையில் அது வாழாது. தவளை போனால் பூமனின் சாப்பாட்டில் ஒரு பங்கு போயிற்று. நுரை படிந்து நிறம் மாறிய நீரில் கண்ணால் தேட எதுவும் இல்லை. மணலும் அள்ளப்பட்டு மடு தங்கும் இடமும் போனபின், அந்த ஆந்தை எதற்காக இங்கே வர வேண்டும்? அது செத்து விழுந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஓர் இரவு அந்தக் குரல் கேட்டிருக்காது. கேட்காததை யார் குறித்துவைப்பார்கள்?

*

ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலும் ரஷ்யாவின் கிழக்கோரத்திலும் பூமனின் இனத்தார் ஒருவர் இருக்கிறார், பிளாக்கிஸ்டன் மீன் ஆந்தை. உலகின் மிகப் பெரிய ஆந்தை. பெண் பறவை நாலு கிலோவையும் தாண்டும். ஹொக்கைடோவின் பழங்குடிகளான ஐனு மக்களுக்கு அது ஊரைக் காக்கும் தெய்வம். அங்கே ஆறு பனியால் மூடிக்கொள்கிறது. ஊற்று கசிந்து உறையாமல் இருக்கும் சிறு இடத்தை நம்பி அது பனிக்காலத்தைக் கடக்கிறது. இங்கே சித்திரை செய்வதை அங்கே பனி செய்கிறது. முதிய மரங்கள் வெட்டப்பட்டு, கூடு வைக்கப் பொந்தில்லாமல் அங்கே அது மிகவும் குறைந்துபோனது. 1980களிலிருந்து மரங்களில் கூட்டுப்பெட்டி வைத்து, குளிர்காலத்தில் மீன் கொடுத்து அரசும் மக்களும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு வருகிறார்கள்.

மேற்கே துருக்கியில் நம் பூமனே உண்டு. அங்கே அற்றுப்போய்விட்டது என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் மறுபடி கண்டார்கள். பிறகு நாட்டின் தெற்கே, அணைத் தேக்கத்தின் செங்குத்துப் பாறைகளில் அது குஞ்சு பொரிப்பதும் தெரிந்தது. பாறையும் தண்ணீரும் சேர்ந்திருந்த இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறது.

*

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தின்மேல் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். வெள்ளம் வடிந்தபின் மணற்பள்ளங்களில் தண்ணீர் தங்கியது. மேலே ஏரிகள் நிரம்பி வழிந்ததில் மீனும் வந்திருந்தது. கொக்கும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் வந்தன. மாலைகளில் போய்ப் பார்த்திருக்கிறேன். பூமன் தென்படவில்லை. மலையடிவாரம் அதற்கு ஓர் இரவுப் பறப்புத் தொலைவுதான். ஆனால் கரையெங்கும் சீமைக்கருவேலம். இரண்டு கிலோ எடையுள்ள பறவை பகலெல்லாம் மறைந்திருக்க அதில் நிழல் கிடையாது, முட்டை வைக்கக் கவடு கிடையாது.

நீதிமன்றம் சொன்னபடி ஆறு தெளிய எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். நீர்மருது முதிர்ந்து ஒரு பெரிய கூட்டைத் தாங்கக் குறைந்தது ஒரு தலைமுறை வேண்டும். ஆறு தெளியட்டும், பிறகு நடலாம் என்று காத்திருந்தால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகி ஒரு மனிதர் காணும் காலத்துக்குள் அடங்காது. மருது, நாவல், புங்கன், இலுப்பை, இவை நான்கும் இந்தக் கரைக்கே உரியவை. ஐப்பசி மழைக்கு முன் குழி எடுத்துவிட வேண்டும்.